ஒரு சீவரம், ரெண்டு சகலபாடி

ஜூலை 13, ஞாயிறு

இல்ல பொன்னுரங்கம், நீ இன்னா சொன்னாலும் நான் ஒத்துக்க மாட்டேன். சம்பூர்ணம் உன் பொண்டாட்டிக்கு அக்கா. அவ்ளோதான். எனக்கு நாப்பத்தியோரு வருஷம் பொண்டாட்டி. அவ பேர்ல சீவரம் குடுக்கணும்னா நான் குடுக்கணும். நடுவுல நீ யாருய்யா? புத்த விகாரத்துல அத்தினி பேர் எதுர்ல எழுந்து நின்னு "எங்க வூட்டு சார்புல, சம்பூர்ணம் அக்கா நெனப்பா"ன்னு இழுக்கிற. உன் மீசை துடிச்சதப் பாத்து எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. அதுக்குத்தான் தமயந்தி டீச்சர் என்ன மொறச்சாங்க.

இத்த அங்கியே சொல்லியிருக்கணும். அப்ப வாயில வார்த்தை வரல. வூட்டுக்கு வந்து பல்செட்ட கழட்டி தண்ணில போட்டப்புறம்தான் ஒண்ணொண்ணா வருது. அதான் நோட்டுல சொல்றேன்.

இந்த நோட்டு, விகாரத்து பிக்கு, பந்தேன்னு கூப்புடுவோம், அவரு எழுதச் சொன்னது. மழைக்கால மூணு மாசம் பிக்கு ஒரே எடத்துல இருக்கணும், வெளியூரு போகக் கூடாது. முந்தாநாள் ஆரம்பிச்சுது. அன்னிக்கு சுமனசீல பந்தே எல்லாரையும் உக்கார வெச்சி சொன்னாரு: "மூணு மாசம் நீங்க எனக்கு சோறு குடுப்பீங்க. குடுக்கிறதுக்கு முன்னாடி, குடுக்கும்போது, குடுத்தப்புறம் மனசுல இன்னா வருதோ அத்த எழுதி வையுங்க. யாருக்கும் காட்ட வேணாம். எனக்கும் காட்ட வேணாம்." நான் அஞ்சாங்கிளாஸ். எழுத்து கோணலாத்தான் வரும். யாரும் படிக்கப் போறதில்ல, இன்னா வெக்கம்.

மூணு மாசம் முடிஞ்சா ஊரு சேந்து பிக்குவுக்கு ஒரு சீவரம் குடுக்கணும். காவித் துணி. வருஷத்துக்கு ஒரு தபா, ஒரு விகாரத்துக்கு ஒண்ணே ஒண்ணு. ஒரு வூடுதான் முன்ன நின்னு குடுக்கலாம். அந்தப் புண்ணியத்த தண்ணி வார்த்து செத்தவங்களுக்கு வுடலாம். சம்பூர்ணம் தை மாசம் போனா. இந்த வருஷ சீவரம் அவளுக்குத்தான். அத நான் குடுக்கிறதா, இந்த மீசைக்காரன் குடுக்கிறதா? டீச்சர்தான் விகாரத்துக்கு செக்ரட்டரி. செப்டம்பர் பௌர்ணமிக்கு கூடி முடிவு பண்ணலாம்னுட்டாங்க.

குடுக்கிறதுக்கு முன்னாடி மனசுல வந்தது: பொன்னுரங்கம் மீசை.

ஜூலை 14

கேஸ் சிலிண்டர் வந்துச்சு. பொன்னுரங்கம் வரல.

ஜூலை 20, ஞாயிறு

ஞாயித்துக்கெழமை எல்லா வூட்லேர்ந்தும் பந்தேவுக்கு சோறு வரும். பதினோரு மணிக்குள்ள குடுத்துடணும். உச்சி தாண்டிட்டா அவரு ஒண்ணும் துன்ன மாட்டாரு. பாத்திரத்துல இன்னா வுழுதோ அதான் சாப்பாடு. இது வேணும், அது வேணாம்னு சொல்றதில்ல.

மருமக செண்பகாகிட்ட நாட்டுக்கோழி வறுக்கச் சொன்னேன்.

"மாமா, அத்தை இருந்தப்ப ஒரு நாள் விகாரம் பக்கம் போயிருப்பீங்களா? இப்ப இன்னா கோழி, மொளகுன்னு?"

"உனக்கு வறுக்கத் தெரியலன்னா சொல்லு, நான் பொன்னுரங்கம் வூட்ல குடுத்து வறுத்துக்கிறேன்."

"குடுங்க பாப்போம். கோகிலா சின்னம்மா கையால கோழி வறுத்தா நீங்களே நாயிக்குப் போட்டுடுவீங்க."

சிரிச்சிட்டேன். நல்ல வாய்க்காரி. என் புள்ளை காலைல பெங்களூரு ரயிலுக்குப் போனா ராத்திரிதான் வர்றான். அது வரைக்கும் எனக்கு சரிக்கு சரி பேசுறது இவ ஒருத்திதான்.

பந்தே பாத்திரத்துல கோழிய நான்தான் போட்டேன். நல்லா தெரியறாப்ல, மேல. எல்லாரும் பாத்தாங்க. பின்னாடியே பொன்னுரங்கம் தூக்குச் சட்டியோட வந்தான். தூக்குச் சட்டியில இன்னாடான்னு எட்டிப் பாத்தா கேவுரு கஞ்சி! வெல்லம் போட்ட கேவுரு கஞ்சி! எனக்கு அடக்க முடியல.

"இன்னா சகல, வூட்ல யாருக்காச்சும் பேதியா?"

நாலு பேர் சிரிச்சாங்க. அவன் கஞ்சிய ஊத்திட்டு கும்புட்டுட்டுப் போனான்.

ஜெயிச்சது நான்.

ஜூலை 27, ஞாயிறு

இன்னிக்கு தட்டை. செண்பகா நல்லா மொறுமொறுன்னு சுட்டிருந்தா. கடிச்சா ஊரே கேக்கும். கூட கோழியும் இருந்துச்சு.

ஒண்ணு கவனிச்சேன். விகாரத்து நாயி போன மாசம் எலும்பா திரிஞ்சிக்கினு இருந்துச்சு. இப்ப உருண்டு திரண்டு கீது. என்னப் பாத்ததும் ஓடி வந்து வால ஆட்டுது. வேற யாருக்கும் ஆட்டல. எனக்கு மட்டும்.

எனக்கு அது புடிக்கல.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

சாப்பாடு குடுத்துட்டு எல்லாரும் வெளிய ஹாலுக்கு வந்துடுவோம். பந்தே உள்ள தனியா சாப்பிடுவாரு. நான் செருப்பு தேடுறாப்ல பக்கவாட்டு ஜன்னல் கிட்ட போயி பாத்தேன். தப்புதான். பாத்தேன்.

என் கோழி ஒரு ஓரமா கீது. என் தட்டை ஒரு ஓரமா கீது. பொன்னுரங்கம் கஞ்சிய மட்டும் கடைசி சொட்டு வரைக்கும் வெரலால வழிச்சி சாப்பிடுறாரு. கண்ண மூடிக்கினு. அப்புறம் என் கோழிய எடுத்துக்கினு பின்பக்கம் போனாரு. நாயி ஓடி வந்துச்சு.

அப்ப எனக்கு வயிறு எரிஞ்சிது பாரு, மைன்ஸ்ல, ஆளுங்கள கீழ எறக்குற கூண்டுக்கு முப்பது வருஷம் மணி அடிச்சிக்கினு நின்னப்ப, பக்கத்து ஷிப்ட்காரனுக்கு மேஸ்திரி வேலை கெடச்சப்ப கூட அப்பிடி எரியல. நான் கோழி குடுக்கிறேன், அவன் கேவுரு குடுக்கிறான். பந்தே ஆசையெல்லாம் வுட்டவருன்னு சொல்றாங்க. கேவுரு மேல ஆசைய வுடல போல கீது.

குடுத்தப்புறம் மனசுல வந்தது எழுதக் கூடாத வார்த்தை.

ஆகஸ்ட் 4

கொழாயில தண்ணி வரல. நல்லதாப் போச்சு, யார் மேலயாவது கத்த வேண்டியிருந்துச்சு.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பொன்னுரங்கம் தூக்குச் சட்டிய படிக்கட்டுல வெச்சிட்டு கால் கழுவப் போனான். என் சட்டை ஜோபியில உப்பு இருந்துச்சு. எப்பிடி வந்துச்சுன்னு கேக்காத. வூட்லேர்ந்து வந்துச்சு. ரெண்டு கை நெறைய.

ஜன்னல்ல பாத்தேன், பந்தே பூரா கஞ்சியும் குடிச்சாரு. வழிச்சி. மூஞ்சி ஒரு துளி மாறல. அப்புறம் மூணு சொம்பு தண்ணி குடிச்சாரு. வெளிய வந்து எப்பவும் போல எல்லாருக்கும் வாழ்த்து சொன்னாரு. பொன்னுரங்கத்தப் பாத்து "நல்லா இருந்துச்சு"ன்னாரு.

அவன் மூஞ்சி சந்தோஷத்துல மலர்ந்துச்சு.

ஆகஸ்ட் 11

எழுத ஒண்ணும் இல்ல.

ஆகஸ்ட் 13

துணி தொவச்சேன். அந்த சட்டை ஜோபிய மூணு தபா அலசினேன்.

சம்பூர்ணம் இருந்தப்ப ஞாயித்துக்கெழமை தங்கச்சி வூட்டுக்குப் போறேன்னு காலைலியே கெளம்பிடுவா. பன்னண்டுக்குத்தான் திரும்பி வருவா. நான் வாசல்ல உக்காந்துக்கினு "இன்னாடி, மொட்டச் சாமிக்கு ஊட்டி வுட்டுட்டு வர்றியா?"ன்னு கேப்பேன். சும்மா, சிரிக்கத்தான். அவ ஒண்ணும் சொல்லாம உலை வெப்பா. அவளுக்கு சிரிப்பே வராது. அப்பிடி ஒரு பொம்பள.

இது இப்ப ஏன் எழுதுறேன்னு தெரியல.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

போகல. மூட்டு வலின்னு செண்பகாகிட்ட சொன்னேன். நம்பல.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

தமயந்தி டீச்சர் ஹால்ல எல்லாருக்கும் ஒரு விஷயம் சொன்னாங்க. பிக்குவா இருக்கிறவரு தனக்கு இது வேணும்னு யாருகிட்டயும் வாயத் தொறந்து கேக்கக் கூடாதாம். பசிச்சாலும் சரி, துணி கிழிஞ்சாலும் சரி. ஆனா யாராச்சும் முன்ன வந்து, "பந்தே, உங்களுக்கு இன்னா தேவையோ எங்கிட்ட சொல்லுங்க, நான் செய்றேன்"னு வாயால அழைச்சா, அப்ப அவங்ககிட்ட மட்டும் சொல்லலாமாம்.

"நாம கொண்டு போயி கொட்டுறோம். அவருக்கு இன்னா வேணும்னு ஒருத்தராவது கேட்டோமா?"ன்னாங்க டீச்சர்.

எல்லாரும் தரையப் பாத்தாங்க. நான் பொன்னுரங்கத்தப் பாத்தேன். அவனும் தரையத்தான் பாத்தான்.

அப்ப புடிச்சேன் வழிய. அடுத்த வாரம் நான் அழைக்கிறேன். எல்லார் எதுர்லயும். பந்தே எங்கிட்டதான் கேக்கணும். கேவுரு கீவுரு எல்லாம் அதோட காலி.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

அழைச்சேன். வெள்ளை வேட்டி, தலைக்கு எண்ணெய், எல்லாம் சரியா போட்டுக்கினு போயி, நடு ஹால்ல மண்டி போட்டு, தொண்டைய செருமிக்கினு சத்தமா சொன்னேன்: "பந்தே, உங்களுக்கு இன்னா தேவையோ எங்கிட்ட கேளுங்க. முனிரத்தினம் செய்வான்!"

பொன்னுரங்கம் தலைய நிமுத்திப் பாத்தான். எனக்கு அந்த ஒரு நிமிஷத்துக்கு சாகலாம் போல சந்தோஷம்.

பந்தே "அப்புறம் வாங்க ஐயா"ன்னாரு. எல்லாரும் போனப்புறம் உள்ள கூப்புட்டாரு.

"நெஜமா கேக்கலாமா?"

"கேளுங்க பந்தே. ஆட்டுக்கால் சூப்பு வேணுமா? பெங்களூர்லேர்ந்து ஆப்பிள்? சொல்லுங்க."

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். இனிமே கஞ்சியில உப்பு வேணாம்."

என் கை தானா சட்டை ஜோபிக்குப் போச்சு.

"படிக்கட்டு ஜன்னல்லேர்ந்து நல்லா தெரியுது ஐயா"ன்னாரு. கோவம் இல்ல. சிரிச்சாரு. சிரிச்சப்பதான் பாத்தேன், மேல ஒரு பல்லு கூட இல்ல. கீழ ரெண்டு, அதுவும் ஆடிக்கினு. இவரு இதுக்கு முன்னாடி வாய மூடிக்கினுதான் சிரிப்பாரு. எழுவது வயசு மனுஷன் பாத்திரத்துல நான் தட்டையப் போட்டுக் கொன்னிருக்கேன்.

"ஏன் பந்தே சொல்லல?"

"யாரும் கேக்கலியே. கேக்காம நான் சொல்லக் கூடாது. உங்க கோழியில பாசம் இருந்துச்சு, அத நான் எடுத்துக்கிட்டேன். மீதிய, பல்லு இருக்கிறவன் எடுத்துக்கிட்டான்."

"பின்ன பொன்னுரங்கத்துக்கு மட்டும் எப்பிடித் தெரியும்? அவன் கேட்டானா?"

"அவரு கேக்கல. இந்த ஊர்ல உங்களுக்கு முன்னாடி ஒருத்தர்தான் கேட்டாங்க. ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. பல்லு இல்லம்மான்னு சொன்னேன். அடுத்த வாரத்துலேர்ந்து கஞ்சி வருது."

"யாரு பந்தே?"

"உங்க வீட்டு அம்மா."

செப்டம்பர் 1, திங்கள்

பொன்னுரங்கம் ரேஷன் கடைக்குப் போன நேரம் பாத்து அவங்க வூட்டுக்குப் போனேன். மைன்ஸ்காரங்க வூடுங்க, எங்க லைனுக்கு அடுத்த லைன். கோகிலா கீரை ஆஞ்சிக்கினு இருந்தா.

"வாங்க மாமா. சண்டைக்கா, சாப்பாட்டுக்கா?"

"கஞ்சிக்கு."

அவ கையில இருந்த கீரைய கீழ வெச்சா.

"யாரு சொன்னாங்க?"

"பந்தே."

கைய முந்தானையில தொடச்சிக்கினா. அப்புறம் சொன்னா. சம்பூர்ணம் ஞாயித்துக்கெழமை இங்க வந்துதான் கஞ்சி கிண்டுவாளாம். தேங்காப் பால் புழிஞ்சி, கட்டி தட்டாம, ஒரு மணி நேரம். தூக்குச் சட்டியில ஊத்தி பொன்னுரங்கம் கையில குடுத்து அனுப்புவாளாம். சம்பூர்ணம் மட்டும் விகாரத்துக்குப் போக மாட்டாளாம், யாராச்சும் பாத்து எங்கிட்ட சொல்லிடுவாங்கன்னு. பந்தேவ கேட்டது கூட ஒரே ஒரு தபா, அவரு கோகிலாவுக்கு ஒடம்பு சரியில்லாதப்ப இங்க வந்தப்ப கேட்டதாம்.

"ஏன், என் வூட்ல அடுப்பு இல்லியா?"

"அக்கா சொல்லும், எங்க வூட்டுக்காரருக்குத் தெரிஞ்சா கொன்னுட மாட்டாரு, சிரிச்சே சாகடிச்சுடுவாருன்னு."

இத்தக் கேட்டு நான் ஆச்சரியப்பட்டேன்னு எழுதிக்கிறேன்.

"அக்கா போனப்புறம் என் தோளு புடிச்சிக்கிச்சு. இப்ப அவருதான் கிண்டுறாரு. கரண்டிய என்னத் தொட வுட மாட்டேங்கிறாரு. பத்து வாரம் பயந்துக்கினே கிண்டுனாரு, அக்கா கைப்பக்குவம் வரணுமேன்னு. அந்த சீவரமும் அப்பிடித்தான் மாமா. ஆஸ்பத்திரியில அக்கா இவர் கையப் புடிச்சிக்கினு கேட்டுச்சு. ஒரே ஒரு வருஷம் நான் சீவரம் குடுக்கணும்னு ஆசை, முடியலன்னா நீங்க குடுங்கன்னு."

"எங்கிட்ட ஏன் கேக்கல?"

கோகிலா மறுபடியும் கீரைய எடுத்துக்கினா.

"அத்த அவன் அன்னிக்கு கூட்டத்துல சொல்லியிருக்கலாமே? சொல்லியிருந்தா எல்லாரும் அவன் பக்கம் வந்திருப்பாங்களே!"

"சொன்னா உங்க மூஞ்சி இன்னா ஆவுறது? அதான் சொல்லலன்னாரு."

காபி குடுத்தா. குடிக்கல. வழியில பொன்னுரங்கம் அரிசிப் பையோட எதுர்ல வந்தான். "பை கிழிஞ்சிருக்குது பாரு"ன்னேன். கிழியல. அவன் நின்னு பாத்தான். வேற இன்னா பேசுறதுன்னு தெரியல.

செப்டம்பர் 3

எனக்கு இருந்த ஒரே துருப்புச் சீட்டு, எம் பொண்டாட்டின்றது. அவளும் அவன் கையத்தான் புடிச்சிருக்கா.

கேவுரு மாவு டப்பா ரெண்டு வருஷம் சீக்கிரம் சீக்கிரமா காலியாச்சு. எலின்னு சொல்லுவா. எங்க வூட்ல எலி கெடையாது.

செப்டம்பர் 7, ஞாயிறு, பௌர்ணமி

கூட்டம். பந்தே உள்ள போயிட்டாரு, சீவரப் பேச்சு அவர் காதுல வுழக் கூடாதுன்னு. டீச்சர் பேப்பர எடுத்துக்கினு, "ரெண்டு பேர் கேட்டிருக்காங்க. முனிரத்தினம், பொன்னுரங்கம். முதல்ல முனிரத்தினம் சொல்லட்டும்"னாங்க.

எழுந்தேன். ராத்திரி பூரா ஒரு பேச்சு யோசிச்சி வெச்சிருந்தேன். அவ குடுத்தா, ரெண்டு வருஷமா குடுத்தா, நான் குடுக்க வுடலன்னு சொல்லிடலாம்னு. எழுந்தா எல்லாம் மறந்து போச்சு. பொன்னுரங்கம் மீசை துடிச்சிக்கினு கீது. பயந்துக்கினு கீறான். எனக்குப் பயந்து. எம் பொண்டாட்டிக்குக் குடுத்த வாக்க காப்பாத்த முடியாம போயிடுமோன்னு.

"பொன்னுரங்கமே குடுக்கட்டும்"னேன்.

எல்லார் தலையும் என் பக்கம் திரும்புச்சு.

"காரணம் சொல்லணும்"னாங்க டீச்சர்.

"எனக்கு துணி மடிக்கத் தெரியாது டீச்சர். எம் வேட்டியவே மருமகதான் மடிக்கிறா."

எல்லாரும் சிரிச்சாங்க. நான்தான் சிரிக்க வெச்சேன். அவன் சிரிக்கல. என்னயே பாத்துக்கினு நின்னான்.

குடுத்தப்புறம் மனசுல வந்தது: எரிச்சல். குடுத்தா சந்தோஷம் வரும்னு பந்தே சொன்னாரே, எங்க? வரல. எரியுது. குடுத்தது குடுத்ததுதான், திருப்பிக் கேக்கப் போறதில்ல. எரியட்டும்.

செப்டம்பர் 21, ஞாயிறு

செண்பகா சாதத்த கொழைய வடிச்சி பருப்பு கடைஞ்சி குடுத்தா. பந்தே பூராவும் சாப்பிட்டாரு. நாயிக்கு எம் மேல கோவம்.

அக்டோபர் 12, ஞாயிறு

சீவரம் குடுத்தாச்சு.

பொன்னுரங்கம் துணிய தலை மேல வெச்சிக்கினு விகாரத்த மூணு சுத்து சுத்துனான். பின்னாடி ஊரே போச்சு. எல்லாரும் அந்தத் துணிய ஒரு தபா தொட்டுக்கலாம், தொட்டாலே குடுத்தாப்ல. நான் கடைசியில நடந்தேன். தொடக் கூடாதுன்னு இருந்தேன். கோகிலா திரும்பி, "மாமா, இன்னா அங்க நிக்கிறீங்க, வந்து புடிங்க"ன்னு கத்துனா. போயி ஒரு ஓரத்தப் புடிச்சேன். லேசான துணி.

அப்புறம் தண்ணி வார்க்கிறது. கிண்ணம் நெறஞ்சி வழியிற வரைக்கும் சொம்புலேர்ந்து ஊத்தணும், இந்தப் புண்ணியம் போனவங்களுக்குப் போய்ச் சேரட்டும்னு நெனச்சிக்கினு. பொன்னுரங்கம் சொம்ப எடுத்தான். என்னப் பாத்தான். எங் கையப் புடிச்சி இஸ்து சொம்பு மேல வெச்சான். ரெண்டு பேரும் ஊத்துனோம். தண்ணி வழிஞ்சி என் கால் நனைஞ்சிது. டீச்சர் "சம்பூர்ணம் அம்மாள் நினைவாக"ன்னு படிச்சாங்க. எவன் வூட்டு சார்புலன்னு எனக்குக் காதுல வுழல.

எல்லாம் முடிஞ்சி விகாரத்து வேப்ப மரத்தடியில நாங்க ரெண்டு பேரும் உக்காந்தோம். பொங்கல் சாப்பிட்டோம். ஜூலைலேர்ந்து இன்னிக்குத்தான் ஒண்ணா உக்கார்றோம்.

"கூட்டத்துல வுட்டுக் குடுத்துட்டியேய்யா ரத்தினம். நான் நெனக்கவே இல்ல"ன்னான்.

"பின்ன, உன் மீசை துடிச்சத பாத்தா பாவமா இருந்துச்சு. புடுங்கிக்கினு ஓடிடும் போல."

சிரிச்சான். நல்லா சிரிச்சான். அந்த சிரிப்புல மனசு எளகிப் போச்சு. சொல்லிடலாம்னு தோணுச்சு. இவன்கிட்ட சொல்லலன்னா யாருகிட்ட சொல்றது.

"சகல, ஒண்ணு சொல்றேன். அவ உன் வூட்டுக்கு வந்து கஞ்சி கிண்டுனது எனக்குத் தெரியும்."

"கோகிலா சொன்னதாச் சொன்னா."

"கோகிலா போன மாசம் சொன்னா. எனக்கு முன்னாடியே தெரியும். ரெண்டு வருஷமா தெரியும். ரெண்டாவது வாரமே பின்னாடியே வந்தேன். உங்க கொல்லைப்பக்கம் நின்னு பாத்தேன். நீ அடுப்பாண்ட உக்காந்து என்னமோ சொன்ன. அவ கரண்டிய வெச்சிக்கினு சிரிச்சா. குலுங்கிக் குலுங்கி சிரிச்சா. ஊரையே சிரிக்க வெக்கிறவன் நான். எங்கிட்ட அவ அப்பிடி ஒரு நாள் சிரிச்சதில்ல."

அவன் கையில இருந்த இலைய கீழ வெச்சான்.

"தெரிஞ்சுக்கினேவா கேட்ட? ஒவ்வொரு வாரமும்? மொட்டச் சாமிக்கு ஊட்டி வுட்டியான்னு?"

"அதில்ல சகல, கேளு..."

"கெளம்புறதுக்கு முன்னாடி எங்க வூட்ல மூஞ்சி கழுவி, பொடவைய ஒதறி, கைய மோந்து பாத்துட்டுப் போவும்யா அது. உனக்குத் தெரியக் கூடாதுன்னு. ரெண்டு வருஷம் திருடி மாதிரி பயந்துக்கினு போச்சு. நீ தெரிஞ்சுக்கினு உக்காந்து வேடிக்க பாத்தியா?"

"முழுசாக் கேளுய்யா. நான் ஏன் கேட்டேன்னா, கேட்டுக்கினே இருந்தா ஒரு நாளாச்சும் அவளே வாயத் தொறந்து, ஆமாய்யா குடுத்துட்டுத்தான் வர்றேன், நீயும் வாயேன்னு..."

அவன் எழுந்துட்டான். துண்ட ஒதறி தோள்ல போட்டான். நான் பேசிக்கினேதான் இருந்தேன், அவன் விகாரத்து கேட்டத் தாண்டிப் போற வரைக்கும்.